மணல் முதல் விசைப்பலகை வரை: கொங்கு வகுப்பறைக் கருவிகள்

வகுப்பறையில் தொழில்நுட்பம் என்றவுடன் நம்மில் பலருக்குக் கணினியும் வெண்திரையும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. உண்மையில், ஆசிரியரும் மாணவரும் கற்றலுக்காகக் கையாளும் எக்கருவியும் தொழில்நுட்பமே. எழுத்தாணியும் பனையோலையும் தத்தம் காலத்தில் புதுமைகளாக இருந்தவைதாம். அவ்வாறாயின், நம் வகுப்பறைகளுக்குள் நுழைந்த கருவிகளுள் எவை நிலைத்தன, எவை சுவடின்றி மறைந்தன? தமிழ் கற்பிக்கும் நாம் இன்று எக்கருவியைத் தேர்வது என்று தடுமாறும்போதெல்லாம், இவ்வினாவுக்கு வரலாறு என்ன விடை தருகிறது என்று பார்ப்பது பயனுடையது.

திண்ணைப் பள்ளியின் முதற்கருவி மணல். பரப்பிய மணலில் மாணவன் விரலால் எழுதுவான். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவான். பிழை நேர்ந்தால் அழித்து மீண்டும் எழுதுவான். கை தேர்ந்த பின்னரே ஓலை. முன்னேறிய மாணவன் சட்டாம்பிள்ளையாகி இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பான். தமிழகமெங்கும் வழங்கிய இம்முறையைக் கண்டு வியந்த அயல்நாட்டார் ஒருவர் உண்டு. 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்பவரே அவர். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797-இல் இதுகுறித்து இலண்டனில் நூல் வெளியிட்டார். பின்னர் ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே இது இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது. நம் திண்ணையிலிருந்து கடல்கடந்து சென்ற கல்வித் தொழில்நுட்பம் இது என்றால் மிகையாகாது.

அச்சு நூலும் கற்பலகையும் வந்த பின் கொங்கு நாட்டில் நிகழ்ந்த பெருமுயற்சிக்கு வருவோம். 1930-இல் தி. சு. அவினாசிலிங்கம் கோவையில் இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கினார். பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு 1934-இல் அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகள். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம், உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்றுமொழி ஆக்கினார். ஆணையிடுவது எளிது, ஆனால் ஒளியையும் அணுவையும் உயிரணுவையும் தமிழில் விளக்க வேண்டிய ஆசிரியர் எதைப் புரட்டுவார்? அந்த இடைவெளியை நிரப்பவே தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியப் பணியை மேற்கொண்டது. அதன் முதன்மைப் பதிப்பாசிரியராக அமர்ந்தவர் ம. ப. பெரியசாமித் தூரன்.

மொடக்குறிச்சிக்கு அருகிலுள்ள மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்த தூரன், வித்தியாலயத்தில் ஆசிரியராகப் பணியாற்றியவர். அவருக்கு முன்பே 1910-இல் ‘அபிதான சிந்தாமணி’ வெளிவந்திருந்தது. அதனைத் தொகுத்த ஆ. சிங்காரவேலு முதலியாரும் ஒரு தமிழாசிரியரே. ஆனால் அது பெரிதும் இலக்கிய, புராணச் செய்திகளின் கருவூலம். அறிவியல் உள்ளிட்ட எல்லாத் துறைகளையும் அகரவரிசையில் அடுக்கித் தந்தது தூரனின் கலைக்களஞ்சியமே. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. அத்துடன் நில்லாது, சிறுவருக்கென்றும் பத்துத் தொகுதிகளை 1976-க்குள் நிறைவு செய்தார். கேள்வியுடன் வரும் மாணவன் தானே தேடி விடை காண உதவும் கருவி இது. இன்றைய தேடுபொறி செய்யும் பணியை அன்று அகரவரிசை செய்தது. தேடுபவனின் கையும் கண்ணும் அறிவும் ஒருசேர உழைத்தால்தான் அது பயன் தரும் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு மாறான வரிசை ஒன்றும் உண்டு. வானொலியின் பள்ளி ஒலிபரப்பு, 2004-இல் கல்விக்கென்றே விண்ணில் ஏவப்பட்ட எடுசாட் செயற்கைக்கோள், 2019-இல் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி ஆகியவை அவ்வரிசையில் வருவன. பெருந்தொற்றால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த மாதங்களில் கல்வித் தொலைக்காட்சி ஆற்றிய தொண்டை மறப்பதற்கில்லை. எனினும், சொல்பவர் ஓரிடத்திலும் கேட்பவர் ஓரிடத்திலும் இருக்க, மாணவன் பார்வையாளனாகவே நின்றுவிடுகிறான். விடுபட்ட கல்வியை ஈடுசெய்ய 2021-இல் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியபோது, தன்னார்வலர் ஒருவர் சிறு குழுவாகப் பிள்ளைகளை மாலையில் கூட்டிச் சொல்லிக்கொடுக்கும் வழியையே நாடியது. திண்ணைப் பள்ளியின் நிழல் அதில் தெரியவில்லையா?

கணினி இவ்விரு வரிசைகளுள் எதில் சேரும்? அது நம் கையில்தான் உள்ளது. தொண்ணூறுகளில் எழுத்துருவுக்கு ஒரு குறியீடு, நிறுவனத்துக்கு ஒரு விசைப்பலகை என்றிருந்த குழப்பத்திற்கிடையே, 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் ‘தமிழ் 99’ விசைப்பலகை பிறந்தது. 2010 சூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது, ஒருங்குறியையும் டேஸ்-16 குறியீட்டையும் தமிழுக்கான தரமாக அரசு அறிவித்தது. 2011 முதல் மேல்நிலை மாணவருக்கு விலையில்லா மடிக்கணினியும் கிடைத்தது. ஆயினும் விசைத்தறிக் கூடங்களிலிருந்தும் தென்னந்தோப்புகளிலிருந்தும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் நம் மாணவர் பலர், கைப்பேசியில் தமிழை உரோமன் எழுத்திலேயே தட்டுகின்றனர்.

தமிழ் 99-ஐ நாம் வகுப்பில் கையாளத் தொடங்கியது இதனால்தான். அதில் மெய்யெழுத்தின் விசையை அடுத்து உயிரெழுத்தைத் தட்டினால் உயிர்மெய் பிறக்கிறது. ஒரே எழுத்தை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழுகிறது. ‘ங’வை அடுத்துக் ‘க’ வந்தால் ‘ங்க’ ஆகிறது. உயிர்மெய்யும் இன எழுத்தும் மாணவரின் விரல் நுனியில் விளங்கிவிடுகின்றன.

அடுத்து, வீட்டு முதியோரிடமிருந்து வட்டாரச் சொற்களைத் திரட்டிவரச் சொன்னோம். பெருமாள்முருகனின் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ முன்மாதிரியாக இருந்தது. ஒட்டுக்கா, அட்டாலி, ஒடக்கான் என வந்த சொற்களைத் தட்டச்சிட்டு எளிய நிரல் ஒன்றால் அடுக்கியபோது, ‘அவரை’க்கு முன்னே ‘அழகு’ வந்து நின்றது. ஒருங்குறி எண்வரிசையில் ழகரம் வகரத்துக்கு முந்தியது. நம் அகரவரிசையிலோ வகரமே முந்தியது. கணினிக்கும் தமிழ் கற்பிக்க வேண்டும் என்று மாணவர் உணர்ந்த நாள் அது.

தூரனின் தொகுதிகள் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. ஓர் ஆசிரியரின் உழைப்பு, தாளைக் கடந்து திரைக்கு வந்தும் வாழ்கிறது. நாளை இன்னும் புதிய கருவிகள் வரும்; கேட்டவுடன் கட்டுரையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு இப்போதே வந்துவிட்டது. அவற்றை வரவேற்போம். ஆனால் மணலில் எழுதிய அந்த விரலுக்கு இதில் என்ன வேலை என்று முதலில் கேட்போம். வேலை இல்லையெனில், அக்கருவியைச் சற்றுத் தள்ளியே வைப்போம்.