மல்லாட்டை ஏலமும் ஒரு ரூபாய் செஸ்ஸும்

கமிட்டி என்று நாங்கள் சொல்லும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கொண்டு வரும் விவசாயி, ஏலத்துக்கு நடுவில் அரசாங்கம் எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. வியாபாரிதான் கேட்பார். நூற்றுக்கு ஒரு ரூபாய் செஸ் கட்டுகிறவர் அவர். கடலூர் மாவட்டத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் ஏலச் சீட்டு எழுதியே ஓய்வு பெற்றவன் நான். அந்த ஒரு ரூபாயில்தான் என் வீட்டில் உலை வைத்தோம். ஆகவே நான் சொல்வதில் கொஞ்சம் பட்சபாதம் இருக்கும்; இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏலம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1690ல் ஆங்கிலேயக் கும்பினியார் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்ந்தே கைமாறின. பிறகு சாராயம், வெற்றிலை, புகையிலை என்று எதில் வரி உண்டோ அந்த வசூல் உரிமையைக் கும்பினி குத்தகைக்கு விட்டது. 1866ல் கடலூரும் 1873ல் சிதம்பரமும் நகராட்சிகள் ஆயின. சந்தைச் சுங்கமும் வண்டிப்பேட்டைக் கட்டணமும் வருஷா வருஷம் ஏலத்துக்கு வந்தன. சாலைச் சுங்கச் சாவடிகள் மட்டும் 1931ல் மோட்டார் வாகன வரி வந்ததோடு ஒழிந்தன. இத்தனையிலும் ஒன்று கவனிக்க வேண்டும். தான் விடும் ஏலத்துக்கு டெபாசிட், ஜாமீன், கெடு என்று நூறு நிபந்தனை போட்ட சர்க்கார், மண்டியில் குடியானவனின் மூட்டைக்கு நடந்த பேரத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த மண்டிகளில் பணம் புரண்டது. கடலூர் அன்று சேர்ந்திருந்த தென்னாற்காடு மாவட்டத்து மல்லாட்டை புதுச்சேரி, கடலூர் துறைமுகங்கள் வழியாக பிரான்ஸின் மார்செய்ல்ஸ் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. 1914ல் யுத்தம் வந்து கப்பல் நின்றதும் இங்கே விலை சரிந்தது. அப்படிச் சரிவதை விவசாயி கடைசியில்தான் தெரிந்துகொள்வான். குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து என் தாத்தா கடலூர் முதுநகர் மண்டிக்கு வண்டி கட்டிப் போனவர். விதைக்கும்போதே முன்பணம் வாங்கியிருப்பதால் வேறு மண்டி ஏற முடியாது. தரகரும் வியாபாரியும் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சரக்குக்குச் சொந்தக்காரர் துண்டைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்புறம் தரகு, எடைக்கூலி, மகமை, சாம்பிள், கழிவு எல்லாம் பிடித்துக்கொண்டு மிச்சம் கைக்கு வரும். மகமை கோயிலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தாத்தா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

1928ல் லின்லித்கோ தலைமையிலான விவசாயக் கமிஷன், இந்த முறைகேடுகளைச் சொல்லி, சட்டத்துக்கு உட்பட்ட சந்தைகள் வேண்டும் என்றது. இன்றைய மகாராஷ்டிரத்தின் பேரார் பகுதியில் பருத்திக்கு 1897லேயே அப்படி ஒரு சட்டம் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1933ல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. முதல் கூடம் 1936ல் திருப்பூரில், பருத்திக்கு. அதைத் தொடர்ந்து மல்லாட்டைக்காகத் தென்னாற்காட்டுக்கும் கமிட்டி வந்தது. வாங்குகிறவர் லைசென்ஸ் எடுக்க வேண்டும். விதியில் சொல்லாத எந்தப் பிடித்தமும் கூடாது. நடத்தும் செலவுக்கு வாங்கும் சரக்கின் மேல் கட்டணம். அந்தக் கட்டணம்தான் செஸ்.

கூடத்தில் காலையில் நடப்பதைச் சொல்கிறேன். குவியலுக்கு ஒரு எண். வியாபாரிகள் வரிசையாக வந்து, மேலாக அள்ளாமல் அடியில் கைவிட்டு அள்ளுவார்கள். காயைக் காதருகே குலுக்கினால் ஈரம் தெரிந்துவிடும். இரண்டு காயை உடைத்துப் பருப்பை நசுக்கிப் பார்த்து, எண்ணுக்கு நேரே விலையைச் சீட்டில் எழுதி, பக்கத்து ஆள் பார்க்காமல் மடித்துப் பெட்டியில் போடுவார்கள். மறைமுக ஏலம் என்பது இதுதான். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு குவியலுக்கும் உச்ச விலையை அறிவிப்போம். மல்லாட்டைக்கு 80 கிலோ மூட்டைக் கணக்கு, நெல்லுக்கு 75. துண்டுக்கு அடியில் இருந்த ரகசியம் பெட்டிக்குள் போனது. ஆனால் பெட்டியை எல்லார் முன்னாலும் திறந்தாக வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான், பெரிய வித்தியாசம்.

சிதம்பரத்தில் கதை வேறு. நெல்லில் பெரும்பங்கை நுகர்பொருள் வாணிபக் கழகம் நிர்ணய விலைக்கு எடுத்துக்கொள்வதால், சம்பா தாளடியில் தெளித்த உளுந்தும் பச்சைப்பயறும் வரும்போதுதான் ஏலம் சூடு பிடிக்கும்.

லைசென்ஸும் செஸ்ஸும் வந்தபோது வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை. தொழில் செய்யும் உரிமையைப் பறிக்கும் சட்டம் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். ஐம்பதுகளின் இறுதியில் அருணாசல நாடார் வழக்கில் நீதிபதி சுப்பாராவ், 1933ம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் நியாயமானவையே என்று தீர்ப்பு எழுதினார். பிறகு 1959லும் 1987லும் புதுச் சட்டங்கள் வந்தன, செஸ் நிலைத்தது. 2020ல் மத்திய அரசின் சட்டம், கூடத்துக்கு வெளியே நடக்கும் வியாபாரத்துக்குச் சந்தைக் கட்டணமே இல்லை என்றது. விவசாயிகளின் ஒரு வருஷப் போராட்டத்துக்குப் பின் 2021 நவம்பரில் அது ரத்தானது.

வியாபாரிகளின் ஒரு குறையை நான் ஒப்புக்கொள்வேன். கூடத்தின் வாசலையே மிதிக்காத சரக்குக்கும் செஸ் கேட்பது அவர்களுக்கு எரிச்சலாக இருக்கிறது. சேவைக்குத்தான் கட்டணம் என்றால், சித்திரை மழையில் மூட்டை நனையாமல் இருக்கக் கூரையும் உலர்களமும் முதலில் வேண்டும். அது இல்லாத இடத்தில் செஸ் வெறும் வரிதான். ஆனால் செஸ்ஸே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் வந்த உச்ச விலை பிடிக்காவிட்டால் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. என் அனுபவத்தில் அதைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு. மூட்டையைக் கூடத்துக் கிடங்கிலேயே வைத்துவிட்டு, அதன் மேல் பொருளீட்டுக் கடன் கேளுங்கள். 180 நாள் வரை தவணை உண்டு.