சிறு பிள்ளைகளும் கல்விச் செயலிகளும்: பெற்றோர் கவனத்திற்கு

கொரோனா காரணமாக 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் தமிழகத்தில் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழக வேண்டிய வயதில் நம் பிள்ளைகள் பலர் ஒன்றரை ஆண்டுக்கு மேல் வீட்டில் இருந்தனர். இந்த இழப்பை ஈடுகட்ட அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் முதலில் 12 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. அவற்றில் கடலூர் மாவட்டமும் ஒன்று.

அத்திட்ட மையங்களில் 2022 ஜூன் மாதம் கூகுளின் 'ரீட் அலாங்' செயலியைக் கொண்டு வாசிப்பு மாரத்தான் நடத்தப்பட்டது. திரையில் தெரியும் கதையைப் பிள்ளை சத்தமாக வாசிக்க வேண்டும். செயலி அதைக் கேட்டு, தடுமாறும் சொல்லைச் சுட்டிக் காட்டும். அந்தச் சொல்லைத் தொட்டால் உச்சரித்தும் காட்டும். கதைகளைப் பதிவிறக்கி விட்டால் இணையம் இல்லாமலே படிக்கலாம்.

பள்ளிப் பாடநூல்களில் 2018 முதல் அச்சிடப்படும் கியூஆர் கோடும் பயனுள்ளது. 'தீக்‌ஷா' செயலியில் அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்திற்குரிய காணொளிகளைப் பார்க்கலாம்.

சிதம்பரம், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் என எங்கு பார்த்தாலும், வாப்பா வெளிநாட்டில் இருக்க, வீட்டில் உம்மாவின் கைபேசி ஒன்றுதான் எல்லாவற்றுக்கும். பள்ளி, மாலை மதரஸா, வீட்டுப்பாடம் போக மிஞ்சும் நேரமும் குறைவு. பாடம் படிக்க வாங்கிய கைபேசி சிறிது நேரத்தில் கார்ட்டூனுக்கும் விளையாட்டுக்கும் மாறி விடுவதை நாம் பார்க்கிறோம். அதற்குச் சில வழிகள்:

* பிள்ளையை வாய்விட்டு வாசிக்கவோ கணக்குப் போடவோ வைக்கும் செயலியைத் தேர்ந்தெடுங்கள். வெறுமனே பார்த்துக் கொண்டிருக்கும் காணொளி அந்த வேலையைச் செய்யாது.

* தேவையானதை முன்கூட்டியே பதிவிறக்கி, படிக்கும்போது மொபைல் டேட்டாவை அணைத்து விடுங்கள். விளம்பரமும் யூடியூபும் குறுக்கே வராது.

* வாசிப்புச் செயலிக்கு மைக் அனுமதி தேவை. தொலைபேசி எண்களும் இருப்பிடமும் எதற்கு? கேட்டால் மறுத்து விடுங்கள். 18 வயதுக்குட்பட்டோரின் தகவலைப் பெறப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

* 'முதல் வாரம் இலவசம்' என்று கார்டு எண் கேட்கும் செயலிகளில் எச்சரிக்கை தேவை. ரத்து செய்ய மறந்தால் பணம் தானாகப் பிடிக்கப்படும்.

* 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளொன்றுக்கு 2 மணிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2021 வழிகாட்டல். டிவியும் இதில் அடக்கம். செயலிக்கு 15, 20 நிமிடம் போதும். தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம்.

முக்கியமாக, யாராவது பக்கத்தில் அமர வேண்டும். உம்மாவுக்கு வேலை இருந்தால் நன்னியோ மூத்த பிள்ளையோ இருக்கலாம். பிள்ளை சரியாகச் சொன்னதையும் செயலி சில நேரம் தவறு என்று காட்டும். அப்போது 'நீ சொன்னது சரிதான்' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

செயலி பலன் தருகிறதா என்று அறிய, வாரம் ஒருமுறை கைபேசியை எடுத்து வைத்துவிட்டுப் பாடநூலில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். செயலியில் நட்சத்திரங்கள் குவிந்தும் புத்தகத்தில் திணறினால் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள், பார்வையையும் பரிசோதியுங்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டியும் வாசிக்க வராத பிள்ளை, கணக்கு, அறிவியல் என எல்லாப் பாடத்திலும் பின்தங்கி விடும். அதற்கு முன்பே நாம் கவனித்து விட வேண்டும்.