அபர்வான் மலையின் ஊற்று



நிலக்கரிச் சுரங்கத்தில் விபத்து என்றால் நிலத்தின் அடியில் தீப்பற்றுவதும், கூரை சரிவதும், வெள்ளம் புகுவதுமே நம் நினைவுக்கு வருகின்றன. சுரங்கத்துக்கு வெளியே, திறந்த மலைச்சரிவில், நீர் வடியும் வழியைக் கவனியாமையால் ஒரு பள்ளிக்கூடம் புதையுண்ட வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன். ஆசிரியத் தொழிலிலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கு இதனைக் கலங்காமல் சொல்லுதல் எளிதன்று. ஆயினும், இதில் அடங்கிய உண்மைகளே நமக்குப் பாடமாகும்.

வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில், டாஃப் ஆற்றின் பள்ளத்தாக்கில், அபர்வான் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1869ஆம் ஆண்டில் மெர்த்தர் வேல் சுரங்கம் தோண்டத் தொடங்கினர். நிலக்கரியோடு கல்லும் மண்ணும் கழிவாக வெளிவந்தன. பள்ளத்தாக்கில் இடம் போதாமையால் அவற்றை ஊருக்கு மேலே உள்ள மலையில் குவித்தனர். இவ்வாறு ஏழு கழிவுமேடுகள் எழுந்தன. இவற்றுள் ஏழாவது மேடு 1958இல் தொடங்கப்பெற்று, எட்டே ஆண்டுகளில் 111 அடி உயரம் வளர்ந்தது. அப்பொழுது சுரங்கம் அரசுக்கு உரிய தேசிய நிலக்கரி வாரியத்தின் பொறுப்பில் இருந்தது.

அம்மலை நீர் ஊடுருவும் மணற்கல்லால் ஆயது. பெய்யும் மழை பாறையின் வெடிப்புகளில் இறங்கிச் சரிவில் ஊற்றாகக் கசியும். ஏழாம் மேடு அத்தகைய ஊற்றுகளின்மேல் குவிக்கப்பட்டது. உலர்ந்த மணற்குவியல் தன் நிலையில் நிற்கும்; அடியில் நீர் ஏறினால் துகள்களுக்கு இடையே உள்ள பிடிப்புத் தளர்ந்து, மண் குழம்பாய் ஓடும். நிலக்கரியைக் கழுவிய பின் எஞ்சும் நுண்கழிவையும் அம்மேட்டில் கொட்டியதால் கேடு மிகுந்தது.

இவ்வுண்மையை எவரும் அறிந்திலரோ? நன்கு அறிந்திருந்தனர். கழிவுமேடுகளுக்கு வடிகால் அமைத்தலின் இன்றியமையாமையைப் பேராசிரியர் நாக்ஸ் 1927லேயே எழுதியிருந்தார். 1939இல், அபர்வானுக்குச் சில கல் தொலைவில் உள்ள கில்வினித் என்னுமிடத்தில் பெரியதொரு மேடு சரிந்து சாலையை மூடிற்று. அதன் பின்னர், மேடுகளில் நீரைத் தடுப்பது குறித்து அச்சுரங்கத்துக்கு உரிய நிறுவனம் குறிப்பொன்று வகுத்தது. அபர்வானிலேயே 1944இல் நான்காம் மேடும், 1963இல் ஏழாம் மேடும் சரிந்தன. பள்ளிக்குப் பின்னால் எழுந்துள்ள அபாயத்தைச் சுட்டி 1963இல் நகராட்சியின் பொறியாளர் கடிதம் எழுதினார். பள்ளியருகே வெள்ளம் பெருகுவதைக் குறித்துத் தாய்மார்கள் 1965இல் விண்ணப்பம் அளித்தனர். அதனைப் பள்ளியின் தலைமை ஆசிரியை நகராட்சியிடம் சேர்ப்பித்தார். அதே ஆண்டில் தென் வேல்ஸில் வேறொரு மேடு சரியவே, எல்லா மேடுகளையும் சோதிக்குமாறு வாரியம் ஆணையிட்டது. அபர்வானில் அச்சோதனை பெயரளவிலேயே நிகழ்ந்தது.

1966ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், வெள்ளிக்கிழமை. அம்மாதத்தின் முதல் மூன்று வாரங்களில் 6.5 அங்குல மழை பெய்திருந்தது. அன்று நண்பகலோடு பள்ளிக்கு இடைப்பருவ விடுமுறை. காலையில் மலையேறிய தொழிலாளர், மேட்டின் உச்சி பல அடி தாழ்ந்திருக்கக் கண்டனர். 9.15 மணியளவில் மேடு உடைந்தது. ஒரு இலட்சம் கன கெஜத்துக்கு மேற்பட்ட கழிவு சரிந்து, அதன் ஒரு பகுதி ஊருக்குள் பாய்ந்தது. பாண்ட்கிளாஸ் தொடக்கப்பள்ளியில் பாடம் தொடங்கிய வேளை அது. இறந்தோர் 144 பேர். அவருள் குழந்தைகள் 116. பள்ளியில் மட்டும் 109 குழந்தைகளும் ஐந்து ஆசிரியர்களும் மாண்டனர். தலைமை ஆசிரியையும் அவர்களுள் ஒருவர்.

மேட்டின் அடியில் ஊற்று இருந்ததை எவரும் அறிந்திருக்க இயலாது என்று வாரியத் தலைவர் ராபென்ஸ் பிரபு கூறினார். ஆனால், எட்மண்ட் டேவிஸ் பிரபுவின் தலைமையில் அமைந்த விசாரணை மன்றம் 76 நாட்கள் அமர்ந்து 136 சாட்சிகளைக் கேட்டபொழுது உண்மை வெளிப்பட்டது. அச்சரிவில் ஓடிய நீரோட்டங்கள் நிலப்படங்களில் குறிக்கப்பட்டே இருந்தன! 1958இல் இடத்தைத் தெரிந்தெடுத்தவர்கள் படத்தைப் பார்க்கவில்லை. நிலத்தைத் துளையிட்டுச் சோதிக்கவும் இல்லை. மேடுகளைக் கவனித்தவர்கள் இயந்திரப் பொறியாளர்கள். மண்ணையும் நீரையும் பயின்ற கட்டடப் பொறியாளர்களுக்கு அதில் பங்கில்லை. 1954ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் மேடுகளின் உறுதியைக் குறித்து ஒன்றும் விதிக்கவில்லை. 1967 ஆகஸ்டில் வெளிவந்த அறிக்கை, பழி வாரியத்தையே சாரும் என்று தீர்ப்புரைத்தது. தீய எண்ணத்தால் அன்று, அறியாமையாலும் திறமையின்மையாலும் நேர்ந்த கொடுமை எனக் கண்டது. ஆயினும் எவரும் வழக்குக்கு உள்ளாகவில்லை. எவர் பதவியும் பறிபோகவில்லை.

துயரம் அத்துடன் ஒழிந்ததா? எஞ்சிய மேடுகளை அகற்றும் செலவுக்கு, மக்கள் இரங்கி அளித்த நிவாரண நிதியிலிருந்தே 1968இல் 1,50,000 பவுன் பெறப்பட்டது. அத்தொகை 1997இல்தான் திருப்பித் தரப்பட்டது. எனினும் சட்டம் மாறிற்று. 1969இல் கழிவுமேடுகளுக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. 1971இன் விதிகள், தகுதியுடையோர் மேடுகளையும் அவற்றின் வடிகால்களையும் குறித்த காலங்களில் பார்வையிட்டு எழுத்தில் பதிவு செய்தலைக் கடமையாக்கின. இயங்காத பழைய மேடுகளின் கவலையோ நீடித்தது. 2020இல் பெருமழைக்குப் பின் டைலர்ஸ்டவுன் என்னுமிடத்தில் அத்தகையதொரு மேடு சரிந்தது. அதன் விளைவாக வேல்ஸ் 2025இல் புதிய சட்டம் இயற்றியது.

மாணவர்களே, அபர்வானில் அறிவு இல்லாமற் போகவில்லை. அறிவு ஒருவரிடமும், அதிகாரம் மற்றொருவரிடமும், அச்சம் வேறொருவரிடமும் இருந்தன. மூன்றையும் ஒன்று சேர்க்கும் கடமை ஒருவருக்கும் இல்லை. நாளை உங்களுள் சிலர் பொறியாளராகவும் ஆய்வாளராகவும் அமர்வீர்கள். படிவத்தில் கையொப்பமிடுமுன் பழைய படத்தை விரித்துப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் சரிவில் நடந்து பாருங்கள். கீழே வாழ்கின்றவர் எழுதிய கடிதத்தைப் படியுங்கள். இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். அக்கேள்வி அபர்வானில் உரிய காலத்தில் கேட்கப்பட்டிருந்தால், அன்று நண்பகலில் அக்குழந்தைகள் விடுமுறைக்கு வீடு சென்றிருப்பர்.