பிகாசாவும் ரெட்டை ஃபோல்டரும்

ஒரே கல்யாண ஃபோல்டர் கணினியில் ரெண்டு தடவை தெரியுது. சரி, இடத்தை அடைக்குதேன்னு ஒண்ணை அழிச்சா ரெண்டுமே காலி! போட்டோ மென்பொருள் வச்சிருக்கற பல வீடுகள்ல இப்படி ஒரு சோகக்கதை இருக்கும். இந்த ரெட்டைப் பிறவிகள் எங்கேருந்து வந்தாங்கன்னு தெரியாம டெலீட் பட்டன் பக்கம் போறது ஆபத்துங்க.

கதை கேமராவிலேயே ஆரம்பிக்குது. 1998ல் ஜப்பானின் ஜெய்டா அமைப்பு டிசிஎஃப்-னு ஒரு விதிமுறை கொண்டு வந்தது. மெமரி கார்டைத் திறந்ததும் டிசிஐஎம்-னு ஒரு ஃபோல்டர் வருதே, அது இவங்க உபயம்தான். உள்ளே 100 முதல் 999 வரை எண் போட்ட ஃபோல்டர்கள். படத்தோட பெயருக்கு நாலு எழுத்து, நாலு இலக்கம். 9999 தாண்டினா மறுபடி 0001. ஆக, பாட்டியோட சதாபிஷேகமும் கொடைக்கானல் டூரும் ஒரே பெயரில் இருக்கலாம். பெயரைப் பார்த்து நகல்னு முடிவு கட்டக்கூடாதுங்கறதுக்கு இது ஒண்ணே போதும்.

2002ல் ரெண்டு மென்பொருள்கள் வந்தன. ஆப்பிளின் ஐபோட்டோ, கொடுத்த படத்தை நகலெடுத்துத் தன்னோட நூலகத்துக்குள்ள வச்சுக்கிட்டது. நீங்க ஏற்கனவே ஹார்ட் டிஸ்க்ல வச்சிருந்த படம் அங்கேயே இருக்கும். இது நிஜமான ரெட்டை.

லைஃப்ஸ்கேப் நிறுவனத்தின் பிகாசா வேற ரகம். (2004ல் இதைக் கூகிள் வாங்கிச்சு. அதோட 'ஹலோ' வழியா ப்ளாக்கருக்குப் படம் அனுப்பின பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும் :-)) பிகாசா படத்தை நகர்த்தாது, இருக்கற இடத்துலயே பார்த்துக் காட்டும். இடது பக்கம் ஃபோல்டர், ஆல்பம்னு ரெண்டு வரிசை. ஃபோல்டர்ங்கறது நிஜமா டிஸ்க்ல இருக்கறது. ஆல்பம் வெறும் பட்டியல். ஆல்பத்துலேர்ந்து நீக்கினா ஒண்ணும் ஆகாது, ஃபோல்டர்ல அழிச்சா படமே குப்பைத்தொட்டிக்குப் போயிடும். பார்க்க ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்ததுதான் வம்பு. வடிவமைப்பில் பெரிய கோளாறுன்னே சொல்வேன்.

இன்னொரு சிக்கல் இதைவிட நுணுக்கம். பிகாசாவில் நிறம் திருத்தினா, படத்தைத் தொடாம பக்கத்துல ஒரு ஐஎன்ஐ கோப்புல குறிச்சு வச்சுக்கும். 'சேவ்' கொடுத்தா மட்டும் திருத்தினதை எழுதிட்டு, அசலை மறைவான ஒரு ஒரிஜினல்ஸ் ஃபோல்டர்ல பத்திரமா வைக்கும். மறைவான ஃபோல்டரையும் துழாவற வேற மென்பொருள் கண்ணுக்கு அதே பெயர்ல ரெண்டு படம். நகல்னு நினைச்சு அழிச்சா போறது அசல்!

2007ல் விஸ்டா வந்தப்போ 'மை பிக்சர்ஸ்' வெறும் கைகாட்டியா மாறிச்சு. நிஜ ஃபோல்டர் பெயர் 'பிக்சர்ஸ்'. கைகாட்டியைப் பின்தொடர்ந்து போற மென்பொருளுக்கு ஒரே வீடு ரெண்டு வாசல் மாதிரி, ரெண்டு வீடாத் தெரியும்.

அதனால முதல்ல ஒரு சோதனை. சந்தேகமான ஃபோல்டர் ஒண்ணுல காலியா ஒரு டெக்ஸ்ட் கோப்பைப் போடுங்க. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்ல அடுத்ததுலயும் அது தெரிஞ்சா, ரெண்டும் ஒண்ணுதான். அழிக்காதீங்க. பிகாசான்னா ஃபோல்டர் மேனேஜர்ல போய், வேண்டாததுக்கு 'பிகாசாவிலிருந்து நீக்கு' கொடுத்தா போதும், டிஸ்க்ல கை வைக்காது. தெரியலைன்னா நிஜ நகலா இருக்கலாம். அப்பவும் பெயரை நம்பாம, உள்ளடக்கத்தை ஒப்பிடற செக்சம் கருவியா தேடுங்க. திருத்தின படமும் அசலும் அதுல வேற வேறன்னுதான் வரும், ரெண்டும் தப்பிச்சிடும்.

2016 மார்ச்சில் கூகிள் பிகாசாவை மூட்டை கட்டிடுச்சு. ஐஎன்ஐ-யில் தங்கிப்போன திருத்தங்களை மத்த மென்பொருள்கள் பெரும்பாலும் சீண்டறதில்லை. பரண் மேல பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தா, ஐஎன்ஐ-யும் ஒரிஜினல்ஸும் சேர்த்து முழுசா ஒரு பிரதி எடுத்து வச்சுட்டு, அப்புறம் களையெடுக்க உட்காருங்க.