திருப்போரூர் வட்டார ஆதிக்குடிகளும் தொழிற்குடிகளும்

செங்கல்பட்டு மாவட்டத்தில், ஏரிப்பாசன வயல்களுக்கும் வங்கக் கடலுக்கும் இடையே அமைந்தது திருப்போரூர் வட்டாரம். உழவு, கைத்தொழில், மீன்பிடிப்பு, உப்பு விளைச்சல், வணிகம் ஆகியவற்றால் இங்கும் இதையடுத்த கடற்கரையிலும் ஊர்களை நிலைபெறச் செய்த மக்களைப் பற்றியது இக்கட்டுரை.

குடியேற்றம்

சிறுதாவூரில் உள்ள பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் இப்பகுதியின் மிகப் பழைய குடியிருப்புக்குச் சான்று. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றான ஆமூர்க் கோட்டத்தில் மாமல்லபுரம் இருந்ததைச் சோழர் கல்வெட்டு கூறுகிறது. முன்பு இங்கு ஆண்ட குறும்பரை வென்ற ஆதொண்டச் சோழன் வேளாளரைக் கொணர்ந்து குடியமர்த்தினான் என்பது செவிவழி மரபு. திருப்போரூரில் முருகன் கோயிலை 17ஆம் நூற்றாண்டில் எடுப்பித்தவர் சிதம்பர சுவாமிகள்.

காணியாளரும் பயிர்க்குடிகளும்

ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்குரிமை உடையவர் காணியாளர். பிற்காலத்தில் மிராசுதார் எனப்பட்டனர். அவர்களிடம் வாரத்துக்குப் பயிரிட்டோருள் ஊரிலேயே நிலைத்தவர் உள்குடி, வெளியூரிலிருந்து வந்து உழுதவர் பரகுடி. சேரியில் வாழ்ந்த பறையர் குடிகளே பெரும்பாலும் ஏர் பிடித்தனர், நாற்று நட்டனர், கதிர் அறுத்தனர். உழைப்பின் பெரும்பங்கைச் சுமந்த அவர்களுக்குக் காணியுரிமை மறுக்கப்பட்டது.

களத்துப் பங்கு

ஆர்க்காட்டு நவாப் 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வருவாய் உரிமையுடன், அளித்தார். அதன்பின் கம்பெனிப் பொறியாளர் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து, வீடுகள், தொழில்கள், மானியங்கள், விளைச்சல் பங்குகள் ஆகியவற்றை ஊர்வாரியாகப் பதிவு செய்தார். கணக்கர், தலையாரி, தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர் ஆகியோர் இப்பதிவுகளில் இடம்பெறுகின்றனர். களத்தில் குவித்த நெல்லை அரசும் பயிரிட்டவரும் பிரித்துக்கொள்ளும் முன்பே இவர்களுக்கான அளவு ஒதுக்கப்பட்டது. அதன் பெயர் மேரை. நிலப்பத்திரங்களில் பெயர் இல்லாத உழைப்பாளரின் வரலாற்றுக்கு இக்கணக்குகளே முதன்மையான ஆதாரம்.

கடலோரத் தொழில்கள்

மீனவர் குடியினரான பட்டினவர் கட்டுமரத்தில் மீன்பிடித்தனர். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிய டச்சுக்காரர், உள்ளூர் நெசவாளரின் பருத்தித் துணியை வாங்கி ஏற்றுமதி செய்தனர். கோவளத்தில் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய வணிக நிறுவனமான ஆஸ்டெண்டு கம்பெனி பண்டகசாலை வைத்திருந்தது. கோவளம், கேளம்பாக்கம் உப்பளங்களில் விளைந்த உப்பைப் பக்கிங்காம் கால்வாய்ப் படகுகள் சென்னைக்குக் கொண்டு சேர்த்தன.

பிற்கால மாற்றங்கள்

1780இல் ஐதர் அலியின் படையெடுப்பால் பல ஊர்கள் பாழாகிக் குடிகள் சிதறினர். 1794 முதல் 1798 வரை செங்கல்பட்டுச் சீமையின் ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடச் செய்தார். சேரி மக்களின் நிலமின்மையை விவரித்து ஆட்சியர் டிரமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் விளைவாக, மறு ஆண்டு அவர்களுக்கு நிலம் ஒதுக்க, பின்னர் பஞ்சமி நிலம் எனப்பட்ட ஒதுக்கீட்டுக்கு, ஆணை பிறந்தது.

பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபோது பிழைப்பிழந்த, பாம்பு பிடிக்கும் பழங்குடியினரான இருளர், 1978இல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, நச்சுமுறி மருந்துக்கான பாம்பு நஞ்சை எடுத்து வழங்கத் தொடங்கினர். தலைமுறை தலைமுறையாக அவர்கள் சேர்த்த அறிவு இன்று உயிர்காக்கும் தொழிலாகியுள்ளது. மாமல்லபுரத்தில் 1957இல் சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. இவ்வூர்க் கற்சிற்பம் 2017இல் புவிசார் குறியீடு பெற்றது.