"யாரோட ஆளு நீ?" - ஒரு பழைய நேர்முகத்தின் கதை

போன வருசம் கொழும்புல ஒரு ஹாட்வெயார் கடைக்கு, மூட்டை தூக்குற வேலைக்கு என் தம்பியைக் கூட்டிட்டுப் போனேன். முதலாளி கேட்டது மூணே கேள்வி. எந்தத் தோட்டம்? யாரோட ஆளு? இடையில விட்டுட்டுப் போக மாட்டியே? எவ்வளவு பாரம் தூக்குவான், முன்னாடி என்ன வேலை செஞ்சான் என்றெல்லாம் கேட்கவே இல்லை. கடைசியில் தம்பியின் அடையாள அட்டையை வாங்கி லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். நேர்முகம் முடிஞ்சுது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். இந்த மூணு கேள்வியும் அவர் கண்டுபிடிச்சது இல்லை. எங்க பூட்டன், பூட்டியிடமும் இதைத்தான் கேட்டிருப்பார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பரவியபோது துரைமாருக்கு ஆள் தேவைப்பட்டது. சொந்தக் காணி வைத்திருந்த சிங்களக் கிராமத்தார் தோட்டத்தில் நிரந்தரக் கூலியாக இருக்க விரும்பவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளில் பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் இருந்தன. ஆனால் துரைக்கு அந்த ஊரும் தெரியாது, ஆட்களும் தெரியாது. அதனால் ஏற்கெனவே தன்னிடம் வேலை செய்த ஒருவரிடம் முற்பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். அவர்தான் கங்காணி.

கங்காணி எப்படி ஆள் தெரிந்தார்? தன் ஊர், தன் சொந்தம், தன் சாதி என்று அறிந்த வட்டத்துக்குள்தான் பெரும்பாலும் தேடினார். உடம்பைப் பார்த்திருப்பார், உண்மைதான். அதைவிட முக்கியம், அவன் யாருடைய மகன் என்பது. ஒருவன் ஓடிப்போனாலும் கேட்க அவன் சொந்தம் இருக்கும். உறவையே பிணையாக வைத்தார்கள்.

இரண்டாவது பிணை கடன். ஊரில் இருந்த பாக்கியைத் தீர்க்க, வழிச்செலவுக்கு, சாப்பாட்டுக்கு, துணிக்கு என்று கொடுத்த காசெல்லாம் ஆளின் கணக்கில் ஏறியது. மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, காலராவுக்குத் தப்பி வந்தவன், ஒரு நாள் வேலை செய்ய முன்னமே கடன்காரன். 1869-இல் வந்த இலைநோய் கோப்பியை அழித்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவத்தில்தான் கூடுதலான ஆள் வேண்டும். கொழுந்தை வருசம் முழுக்கப் பறிக்க வேண்டும். ஆக, குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கடனும் குடும்பக் கடன் ஆனது.

காலையில் பெரட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி, ஆளுக்கு இத்தனை சதம் என்று கங்காணிக்குக் கொடுத்தார்கள். நல்லா வேலை செய்பவன் ஒரு பக்கம் இருக்கட்டும், தினமும் வந்து நிற்பவனே நம்பகமானவன்.

இதில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சிறு சீட்டு. இன்ன கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவர் ஆட்களையும் விட்டுவிடுவேன் என்பதுதான் அதில் இருக்கும். வேறு தோட்டம் அதைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். எங்களுக்குப் பழைய முதலாளி தரும் சான்றிதழில் எங்கள் திறமை எழுதியிருக்கும். அவர்களுடைய துண்டில் எழுதியிருந்தது அவர்களின் விலை.

இதையும் மீறிப் போனால்? 1865-ஆம் ஆண்டுத் தொழில் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போவது தண்டனைக்குரிய குற்றம். சிறைக்கும் போகலாம்.

1904-இல் தோட்டக்காரர்கள் திருச்சியில் ஒரு தொழிலாளர் ஆணையகம் திறந்தார்கள். இலக்கம் அடித்த தகர வில்லையோடு ஆட்கள் வந்தார்கள். மண்டபம் முகாமில் தடுத்து வைத்து நோய் பார்த்தார்கள். இவ்வளவு அலுவலகம் வந்தும் கங்காணி போகவில்லை. ஊரை அறிந்தவர் அவர்தானே.

கங்காணியை வில்லனாக மட்டும் பார்ப்பதும் சரியில்லை. தெரியாத நாட்டில், துரையிடம் பேசத் தெரிந்த ஒரே ஊர்க்காரரும் அவர்தான். ஆட்களும் சும்மா இருக்கவில்லை. இரவோடு இரவாக வேறு தோட்டத்துக்கு ஓடியவர்கள் இருந்தார்கள். துரையின் கணக்கில் அவர்கள் நம்ப முடியாதவர்கள். எனக்கு என்னவோ, கேள்வி கேட்க வழியில்லாதவன் கேட்ட கேள்வியாகத்தான் அந்த ஓட்டம் தெரிகிறது.

1921-இல் துண்டு தடை செய்யப்பட்டது. 1927-இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. 1939-இல் இந்தியா, உடலுழைப்பு வேலைக்கு ஆட்கள் இலங்கை போவதைத் தடுத்தது. கங்காணி ஆள் சேர்த்த காலம் அத்தோடு முடிந்தது.

தம்பி இரண்டாம் மாதம் அந்தக் கடையை விட்டு வந்துவிட்டான். சொன்ன தேதியில் சம்பளம் வரவில்லை. அட்டையைத் திருப்பி வாங்க மூணு தரம் அலைந்தோம். "தோட்டத்துப் பசங்களை நம்பவே ஏலாது" என்றார் முதலாளி.

அடுத்த நேர்முகத்துக்குப் போகும்போது தம்பியிடம் சொன்னேன்: அவங்க கேட்டு முடிச்சதும் நீயும் கேளு. சம்பளம் எந்தத் தேதி? ஈ.பி.எஃப். கட்டுவீங்களா? அட்டையைக் கேட்டா, போட்டோ கொப்பி மட்டும் குடு.