சாவா மூவாப் பேராடு

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பா கேட்ட ஒரு கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

எங்க ஊர் சிவன் கோயில் ரொம்பச் சின்னது. குருக்களுக்கு இதோட சேர்த்து நாலு கோயில். காலையில் வண்டியில் வந்து ஒரு கால பூஜை முடிச்சிட்டுப் போயிடுவார். சாயங்கால விளக்கு மட்டும் எங்க அப்பாயி பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பு இல்லை, அவங்களா எடுத்துக்கிட்டது. ஒரு பித்தளைக் கிண்ணத்தில் நல்லெண்ணெய், இடுப்பில் திரி, தினமும் ஆறு மணிக்கு நடை. மழையானாலும் சரி, சொந்தக்காரங்க கல்யாணமானாலும் சரி, விளக்கு ஏத்திட்டுத்தான் மறு வேலை. அப்பாயி போய் ஒன்றரை வருஷம் ஆகுது.

"எண்ணெய்ச் செலவுக்கு நான் மாசாமாசம் அனுப்பிடறேன்பா" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

"பணம் நீ அனுப்புவே தம்பி. தினம் யாரு போயி ஏத்துறது?"

பதில் இல்லை. இத்தனைக்கும் நான் சம்பளம் வாங்குறதே ஒரு சர்வர் தினமும், ராத்திரி பகலா, நிக்காம ஓடணும் என்பதற்காகத்தான் :) 'தினமும்' என்ற வார்த்தை எவ்வளவு கொடூரமானது என்று எங்களை மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு நல்லாத் தெரியும். ஒரு நாள் பிரமாதமா செய்வது சுலபம். தேர் இழுக்க ஆயிரம் பேர் வருவாங்க. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆளே இல்லாத கோயிலில் விளக்கேத்த யார் வருவா?

சென்னைக்குத் திரும்பியதும் பழைய கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்ட ஆரம்பிச்சேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஆளுங்க இந்த 'தினமும்' பிரச்சினையை எப்படிச் சமாளிச்சாங்க என்று பார்க்க ஆசை.

முதலில் பெரியபுராணம். இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டில், சேக்கிழார் பாடியது. அதில் வரும் 63 நாயன்மாரில் மூணு பேர் கதை முழுக்க விளக்கைப் பற்றியதுதான். கணம்புல்லர் கணம்புல் அறுத்து விற்று நெய் வாங்கி விளக்கேற்றியவர். ஒரு நாள் புல் விற்கவில்லை. அந்தப் புல்லையே எரித்தார். அதுவும் போதாமல் தன் தலைமுடியை எரித்தார். நமிநந்தியடிகளுக்குத் திருவாரூரில் நெய் கிடைக்கவில்லை, குளத்துத் தண்ணீரை ஊற்றி எரித்தார். திருவொற்றியூர்க் கலியர் செக்கு ஆட்டுகிறவர். சொத்தெல்லாம் எண்ணெயாகக் கரைந்த பிறகு கூலிக்குப் போனார், வீட்டை விற்றார், மனைவியையே விற்கத் துணிந்தார். அதுவும் நடக்காமல் போக, கடைசியில் எண்ணெய்க்குப் பதில் தன் ரத்தத்தை ஊற்றக் கழுத்தை அரிய ஆரம்பித்துவிட்டார்.

சின்ன வயசில் இதெல்லாம் பக்திக் கதைகளாகத்தான் கேட்டேன். இப்போ படிக்கும்போது வேறொன்று கண்ணில் பட்டது. மூணு கதையிலும் சிக்கல் ஒன்றேதான்: இன்னைக்கு எண்ணெய் இல்லை. ஒரு தனி மனுஷன் தினமும் ஒரு காரியத்தைச் செய்வேன் என்று ஏற்றுக்கொண்டால், என்றாவது ஒரு நாள் கையில் ஒன்றும் இருக்காது. அன்றைக்கு முடியை எரிக்கணும், இல்லை கழுத்தை அரியணும். கதையில் சாமி வந்து கையைப் பிடிப்பார். நிஜத்தில்?

நிஜத்தில் ஆடுதான் வந்தது.

கல்வெட்டுகளில் இரண்டு வகை விளக்கு அடிக்கடி வரும். ஒன்று சந்தி விளக்கு, பூஜை வேளையில் மட்டும் எரிவது. இன்னொன்று இரவும் பகலும் எரியும் நந்தா விளக்கு. நந்தா என்றால் கெடாத, அணையாத. சில கல்வெட்டுகளில் 'நுந்தா விளக்கு' என்று இருக்கும். நுந்துதல் என்றால் தூண்டுதல். அதாவது தூண்ட வேண்டாத விளக்கு. இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் வருவோம்.

ஒரு நந்தா விளக்கு வைக்கணும் என்றால் என்ன செய்யணும்? சிலர் பொன்னைக் கோயிலிலோ ஊர்ச் சபையிடமோ கொடுத்து வைத்தார்கள், வட்டிக்கு எண்ணெய் வரும். ஆனால் சோழர் காலத்தில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஆடு. ஒரு விளக்குக்கு 90 ஆடு அல்லது 96 ஆடு. ஓர் இடையர் அந்த மந்தையை ஏற்றுக்கொண்டு தினம் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும். எவ்வளவு நாளைக்கு? சந்திரனும் சூரியனும் உள்ள வரைக்கும். இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்திருக்கும் பெயர்தான் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடு தட்டாத பெரிய ஆடு!

முதல் தடவை படித்தபோது சிரிப்பு வந்தது. அப்புறம்தான் புரிந்தது, இது ஒரு கணக்கு. தனித்தனி ஆடு சாகும். மந்தை சாகாது. செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வளரும், எண்ணிக்கை எப்போதும் 96-ஆகவே நிற்கும். முதல் கரையக் கூடாது, வருமானத்தில் விளக்கு எரியணும். இன்றைய பாஷையில் சொன்னால் ஃபிக்ஸட் டெபாசிட். ஒரே வித்தியாசம், இந்த டெபாசிட் புல் மேயும், குட்டி போடும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவு. அங்கே ஒரு விளக்குக்கு 96 ஆடு, இல்லாவிட்டால் 48 பசு, இல்லாவிட்டால் 16 எருமை. இரண்டு ஆடு ஒரு பசுவுக்குச் சமம், மூணு பசு ஓர் எருமைக்குச் சமம். எதைக் கொடுத்தாலும் கோயிலுக்கு வரவேண்டியது தினம் ஓர் உழக்கு நெய்தான்.

நம்ம புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு உழக்கு ஒரு நாழி. ஒரு ஆடு வருஷத்துக்கு ஒரு நாழி நெய் தரும் என்று வைத்துக்கொண்டால், 90 ஆடு 90 நாழி, அதாவது 360 உழக்கு. வருஷத்துக்கு 360 நாள் என்று எண்ணினால் சரியாக ஒரு நாளைக்கு ஓர் உழக்கு. 96 ஆடு என்றால் 96 நாழி. அது ஒரு முழுக் கலம், 384 உழக்கு. 365 நாள் போக 19 உழக்கு கையிருப்பு. எந்தக் கல்வெட்டும் இப்படி விளக்கம் சொல்லவில்லை, இது என் சொந்தக் கணக்கு மட்டும்தான். ஆனாலும் எண்கள் பொருந்துவதைப் பார்த்தால், இதை யோசித்தவர் யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருக்கு.

சரி, ஆடு கொடுத்தது யார்? ராஜா, ராணி மட்டும் இல்லை. அதிகாரி, படைவீரன், வணிகர், சாதாரண ஊர்க்காரர் என்று எல்லாரும் இருக்காங்க. முழு விளக்குக்கு வசதி இல்லாதவர் 48 ஆடு கொடுத்து அரை விளக்கு வைத்ததும் உண்டு.

இன்னொரு வகைக் கொடையும் இருக்கு, படித்தபோது மனசு கொஞ்சம் கனத்துப் போச்சு. வேட்டைக்குப் போன இடத்தில் அம்பு குறி தவறி ஒரு மனுஷன் மேல் பட்டு அவன் செத்துப் போகிறான். ஊர் கூடி விசாரிக்குது. வேணும்னு செய்ததில்லை, அதனால் உயிருக்கு உயிர் வேண்டாம், செத்தவனுக்காகக் கோயிலில் விளக்கு வை என்று தீர்ப்பு. இப்படிப்பட்ட கல்வெட்டுகள் சோழர் காலத்தில் ஒன்றல்ல, பல. ஒரு நொடியில் நடந்த தவறுக்கு ஒவ்வொரு நாளும் எரியும் ஒரு பதில். அந்த விளக்கைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எய்தவன் என்ன நினைத்திருப்பான்?

இதுவரைக்கும் கொடுத்தவர் கதை. இனி மந்தையை ஏற்றுக்கொண்டவர் பக்கம் போவோம்.

மிச்சப் பால், கூடுதல் குட்டி, வயலில் கிடை போட்டால் வரும் கூலி இதெல்லாம் இடையருக்கு லாபமாக இருந்திருக்கும். நல்ல வருஷத்தில் மோசமான ஏற்பாடு இல்லை. ஆனால் மழை பொய்த்த வருஷத்தில்? மந்தையில் நோய் விழுந்தால்? கல்வெட்டைப் பொறுத்தவரை அந்த ஆடுகள் சாகாது. ஆகவே செத்த ஆடு இடையர் கணக்கு. உழக்கு நெய் குறையக் கூடாது. அவர் காலத்துக்குப் பிறகு அவர் வம்சம் அளக்கணும். சந்திரன் சூரியன் உள்ளவரை என்பது கொடுத்தவருக்குப் புண்ணியம், அளப்பவருக்குக் கடன். சாவா மூவா என்ற அழகான வார்த்தையில் ஆட்டின் சாவு இல்லாமல் போகவில்லை. அது இடையர் வீட்டு வாசலுக்கு மாற்றப்பட்டது, அவ்வளவுதான்.

கல்லில் பெயர் வரும் வரிசையையும் பாருங்க. முதலில் மன்னன் புகழ், அப்புறம் கொடையாளி பெயர், ஊர், நாடு. இடையர் பெயர் வந்தால் கடைசிப் பக்கம். பல கல்வெட்டுகளில் அதுவும் இருக்காது. தஞ்சாவூரில் இடையர்களின் பெயரும் ஊரும் வரிசையாக வெட்டப்பட்டிருப்பதால்தான் அவர்களை மனுஷங்களாக நம்மால் பார்க்க முடியுது.

அதே தஞ்சைக் கோயிலில் தினசரி வழிபாட்டுக்கு இன்னொரு ஏற்பாடும் உண்டு. தேவாரம் பாட 48 பேர், கூட உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேரை ராஜராஜன் நியமித்தான். ஆளுக்குத் தினம் முக்குறுணி நெல். எனக்கு ரொம்பப் பிடித்தது அதில் வரும் ஒரு நிபந்தனை. இவர்களில் யாராவது செத்துப்போனாலோ ஊரை விட்டுப் போனாலோ அடுத்த உறவினர் அந்த நெல்லை வாங்கிக்கொண்டு பாடணும். அவருக்குத் தகுதி இல்லை என்றால் தகுதியான ஆளைத் தேர்ந்தெடுத்துப் பாட வைக்கணும். மனுஷன் சாவான் என்பதை ஒத்துக்கொண்டு எழுதின ஒப்பந்தம் இது. ஆட்டை 'சாகாது' என்று எழுதின அதே உலகம், பாடுகிறவர் விஷயத்தில் 'செத்தால் என்ன செய்வது' என்று யோசித்திருக்கு.

அந்த விளக்குகள் என்ன ஆச்சு? சந்திரனும் சூரியனும் இருக்கு. மந்தைகள் இல்லை. ஆட்சி மாறி, நிலம் கை மாறி, சபைகள் மறைந்து, கல் மட்டும் மிச்சம். நம்ம காலத்தில் தமிழ்நாட்டு அறநிலையத்துறை வருமானம் இல்லாத கோயில்களுக்கு 'ஒரு கால பூஜைத் திட்டம்' வைத்திருக்கு. கோயில் பெயரில் ஒரு தொகையை வைப்புநிதியாகப் போட்டு, வட்டியில் ஒரு வேளை பூஜை. அதே 96 ஆட்டுத் தத்துவம்தான். ஆனால் இந்த ஆடு மூப்படையும். ஒரு லட்ச ரூபாய்க்கு 6 சதவீதம் வட்டி என்றால் வருஷத்துக்கு 6,000, நாளைக்குச் சுமார் 16 ரூபாய். எண்ணெய், திரி, பூ, நைவேத்தியம் எல்லாம் அதற்குள். ஒரு லட்சமாக இருந்த தொகையை 2020-களில் இரண்டு லட்சமாகவும், பிறகு அதற்கு மேலும் உயர்த்தினதற்குக் காரணம் இதுதான். சோழர் கால மந்தையை விலைவாசி தொட முடியாது, நெய் விலை ஏறினால் ஆட்டின் விலையும் ஏறும். ரூபாய் நோட்டு குட்டி போடுவது ரொம்ப மெதுவாகத்தான்.

ஆனால் பணமா ஆடா என்பது பாதிப் பிரச்சினைதான். மீதிப் பாதி அப்பா கேட்டது. தூண்ட வேண்டாத விளக்கு என்று பெயர் வைத்தார்களே, அப்படி ஒரு விளக்கு எங்கேயும் இருந்ததில்லை. திரி கருகும், நெய் உறையும், காற்று அடிக்கும். யாரோ ஒருத்தர் ராத்திரி எழுந்து தூண்டியிருக்கார். அவர் தூண்டினதால்தான் அது நுந்தா விளக்கு.

போன வாரம் ஊருக்குப் போன் போட்டேன். இப்போ விளக்கு எரியுதாம். அப்பா, எதிர்வீட்டுச் சித்தப்பா, பூ கட்டுற அம்மா மூணு பேரும் வாரத்தைப் பிரிச்சுக்கிட்டாங்க. அப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால் இரண்டு நாள் மட்டும். பூக்காரம்மாவுக்கு மூணு நாள். எண்ணெய்க்கான பணம் மாசம் முதல் தேதி என் வங்கிக் கணக்கிலிருந்து தானா போயிடும், நான் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டாம்.

கோயில் நோட்டில் 'எண்ணெய் உபயம்' என்று என் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதி வச்சிருக்காங்களாம். அப்பா சந்தோஷமாத்தான் சொன்னார். எனக்குத்தான் கூச்சமா இருந்தது. ஏத்துறவங்க மூணு பேர் பேரையும் அதுக்கு மேல எழுதச் சொல்லுங்கப்பா என்றேன். சிரிச்சார். "அதெல்லாம் எதுக்குடா, எங்களைத்தான் ஊருக்கே தெரியுமே" என்றார்.

அடுத்த தடவை உங்க ஊர்க் கோயிலுக்குப் போனா, பிராகாரச் சுவரில் எழுத்து இருக்கா பாருங்க. சுண்ணாம்பு அடிச்சு மறைக்காம விட்டு வச்சிருந்தா உங்க அதிர்ஷ்டம். 'பேராடு' என்ற வார்த்தை தட்டுப்பட்டால், அதுக்குக் கீழே ஓர் இடையர் பெயர் இருக்கா என்று தேடிப் பாருங்க. இருந்தால் எனக்கும் சொல்லுங்க.